ஆப்பிள் கேக்கின் கணக்கில் வராத தண்ணீர்

வீட்டில் செய்யும் எளிய ஆப்பிள் கேக்கிற்கான பொருள் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மைதா 200 கிராம், சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், முட்டை இரண்டு, பால் இரண்டு மேசைக்கரண்டி, சிறிது பேக்கிங் பவுடர், பட்டைத் தூள், தோல் சீவி நறுக்கிய ஆப்பிள் 300 கிராம். இதில் தண்ணீர் என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால் தண்ணீர் எல்லாப் பொருளிலும் இருக்கிறது. முட்டையில் முக்கால் பங்கு நீர். பாலில் 87 விழுக்காடு, வெண்ணெயில் ஏறத்தாழ 16 விழுக்காடு, காய்ந்து கிடப்பதாகத் தோன்றும் மைதாவில்கூட 12, 13 விழுக்காடு நீர். இவை அனைத்தையும் கூட்டினாலும் 150 கிராமைத் தொடாது. ஆப்பிளில் இருப்பதோ 85 விழுக்காடு நீர். 300 கிராமுக்கு 255 கிராம். மாவுக் கலவை முழுவதிலும் உள்ள நீரைவிட அதில் போடும் பழத்தில் உள்ள நீர் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஆப்பிள் கேக் நன்றாக வருவதும் வராமல் போவதும் இந்த 255 கிராம் எப்போது, எவ்வளவு, எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. மாவின் தரம், ஓவனின் விலை, பேக்கிங் பவுடரின் பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. கேக்கின் அடியில் களிபோல ஒரு படலம் தங்குவது, பழத்தைச் சுற்றி வேகாத மாவு ஒட்டியிருப்பது, நடுப்பகுதி அமுங்கிப் போவது ஆகிய மூன்று குறைகளுக்கும் மூல காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் இந்த நீரில்தான் போய் முடியும்.

பச்சை ஆப்பிளைக் கடிக்கும்போது கேட்கும் முறுமுறுப்பிலிருந்தே இந்த நீரின் கதையைத் தொடங்கலாம். பழச் சதையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சர்க்கரையும் மாலிக் அமிலமும் கரைந்த சாறு நிறைந்திருக்கிறது. அந்தச் சாறு உள்ளிருந்து செல் சுவரை அழுத்துவதால்தான் சதை விறைப்பாக நிற்கிறது. சாற்றை உள்ளே நிறுத்தி வைத்திருப்பது மெல்லிய செல் சவ்வு. அடுத்தடுத்த செல்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. செல்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகளும் உண்டு; பழத்தின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு வரை இந்தக் காற்றே இருப்பதால்தான் ஆப்பிள் தண்ணீரில் மிதக்கிறது. சூடு ஏறும்போது இந்த அமைப்பு இரண்டு கட்டங்களாகக் குலைகிறது. 60 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல் சவ்வுகள் சிதைந்து, உள்ளே அடைபட்டிருந்த சாறு கசியத் தொடங்குகிறது. பெக்டின் கரைந்து செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் பழம் குழைவது அதைவிடக் கூடுதலான வெப்பத்தில், இன்னும் சற்று நேரம் கழித்து நடக்கிறது. ஆகவே துண்டின் வடிவம் அப்படியே இருக்கும்போதே அது தன் நீரை விடத் தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குப் பழம் கெட்டியாகத் தெரிவதால், நீர் உள்ளேயே இருக்கிறது என்று நினைப்பது தவறு.

இதே நேரத்தில் மாவுக் கலவையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கோதுமை மாவுச்சத்தை நிறையத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் அது 60 டிகிரியை ஒட்டியே நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகத் தொடங்கிவிடும். கேக் கலவையில் அப்படி நடப்பதில்லை. அங்கே சர்க்கரை நீருக்காக மாவுச்சத்துடன் போட்டியிடுகிறது. கேசரி கிளறும்போது ரவை முழுவதும் வெந்த பிறகே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும் என்று நம் சமையலறைகளில் சொல்வதும் இதே காரணத்தால்தான். முன்பே சர்க்கரையைப் போட்டால் ரவை வேகாது. கேக்கில் சர்க்கரை முதலிலேயே கலந்திருப்பதால் மாவுச்சத்து 80 டிகிரியைத் தாண்டியே கூழாகிறது. கலவையில் சர்க்கரை கூடக் கூட இந்த வெப்பநிலை இன்னும் மேலே போகும். முட்டையின் புரதங்களும் சர்க்கரையின் முன்னிலையில் சற்றுத் தாமதமாகவே உறைகின்றன. இதுதான் ஆப்பிள் கேக்கின் அடிப்படைச் சிக்கல். பழம் நீரை விடத் தொடங்குவது 60 டிகிரியில். கேக் உறுதிப்படுவதோ 80 டிகிரிக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் வெண்ணெய் உருகி, சர்க்கரை கரைந்து, கலவை அதன் பயணத்திலேயே மிக நீர்த்த நிலையில் இருக்கிறது. பழத்திலிருந்து வரும் நீர் சரியாக அந்த நேரத்தில் அதனுடன் போய்க் கலக்கிறது. 255 கிராமில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறினாலே 85 கிராம். பட்டியலில் எழுதப்படாத அரைக் கோப்பைப் பாலை, கேக் பாதி வெந்துகொண்டிருக்கும்போது ஊற்றியதற்கு அது சமம்.

இப்படி வந்து சேரும் நீர் கலவை முழுவதும் சமமாகப் பரவினால்கூடப் பாதகம் குறைவு. அது பழத் துண்டின் விளிம்பிலும், ஈர்ப்பு விசையால் கேக் பாத்திரத்தின் அடியிலும் தேங்குகிறது. அந்த இடத்தில் கலவை நீர்த்துப்போவதால் வாயுக் குமிழிகளைத் தாங்கும் வலு அதற்கு இருப்பதில்லை; குமிழிகள் ஒன்றுசேர்ந்து மேலேறி வெளியேறிவிடுகின்றன. குமிழியில்லாத மாவுச்சத்து அளவுக்கு மீறிய நீருடன் சேர்ந்து வேகும்போது கிடைப்பது கேக்கின் மென்மையான துளைகள் நிறைந்த அமைப்பு அல்ல, அடர்ந்த களி. அதை வேகாத மாவு என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அது வெந்த மாவுதான். நீர் கூடிப்போய் வெந்த மாவு. இன்னும் கொஞ்ச நேரம் ஓவனில் வைத்தால் காய்ந்துவிடுமா என்றால், அதற்கும் இயற்பியல் எளிதில் இடம் தருவதில்லை. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஓவனின் காற்று 180 டிகிரியில் இருந்தாலும், நீர் மிஞ்சியிருக்கும் வரை கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விவரித்த, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் வினை வேகம் எடுப்பது 140 டிகிரியை ஒட்டித்தான். அதனால்தான் காய்ந்த மேற்பரப்பு மட்டும் பொன்னிறமாகிறது. ஈரமான உட்புறத்தை வற்றவைக்கக் காத்திருந்தால் அதற்குள் வெளிப்புறம் கருகிவிடும்.

நீர்தான் மையப் பிரச்சினை என்பதற்கு ஆய்வகத்துக்குப் போகாமலே ஒரு சான்று கிடைக்கிறது. ஆப்பிள் வளமாக விளையும் ஐரோப்பிய நாடுகளின் வீட்டுக் கேக்குகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று ஒட்டாத முறைகளாகத் தோன்றுபவை எல்லாம் ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள் என்பது புரியும். இங்கிலாந்தின் டார்செட் ஆப்பிள் கேக்கில் வெண்ணெயை மாவுடன் விரல்களால் பிசிறி, ஊற்ற முடியாத அளவுக்குக் கெட்டியான கலவையாகச் செய்கிறார்கள். பழம் விடப்போகும் நீருக்காக முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கும் முறை அது. ஜெர்மனியின் ‘மூழ்கிய’ ஆப்பிள் கேக்கில் பழத்தை நான்காகப் பிளந்து, முதுகில் நெருக்கமாகக் கீறி, கலவையின் மேலே அடுக்குகிறார்கள். மாவு உப்பிப் பழத்தைச் சுற்றி எழுகிறது. கீறல்கள் மேல்நோக்கித் திறந்திருப்பதால் நீரில் கணிசமான பகுதி மாவுக்குள் இறங்காமல் ஆவியாக ஓவனின் காற்றில் கலந்துவிடுகிறது. போலந்தின் ஷார்லோட்காவில் துருவிய ஆப்பிளை அடுப்பில் வதக்கி நீரை வற்றவைத்த பிறகே மாவின் மேல் பரப்புவது வழக்கம். நெதர்லாந்தின் ஆப்பிள் கேக்கில் பழத்தின் கீழே ரொட்டித் தூளையோ ரஸ்க் தூளையோ தூவி, வடியும் சாற்றை அங்கேயே உறிஞ்சவைக்கிறார்கள். இடம் ஒதுக்குவது, மேலே வெளியேற்றுவது, முன்னதாக வற்றவைப்பது, அடியில் உறிஞ்சவைப்பது என நான்கு நாடுகளின் சமையலறைகள் கண்ட வழிகள் நான்கு. நான்கும் தீர்க்க முயன்றது ஒரே சிக்கலை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். கேக் ஈரப்பதமாக இருக்க வேண்டும் என்றுதானே ஆப்பிளே சேர்க்கிறோம். அப்படியிருக்க நீரை ஏன் எதிரியாகப் பார்க்க வேண்டும்? பிரான்சில் மிகக் குறைந்த மாவில் தாள்போல மெலிதாகச் சீவிய ஆப்பிளை அடுக்கடுக்காக நிறைத்துச் செய்யும் கேக்கும் உண்டே? இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கேக்கைத் தாங்கி நிறுத்துவது மாவின் துளை அமைப்பு அல்ல. பழ ஏடுகளின் அடுக்கும், அவற்றுக்கிடையே உறையும் முட்டையும் பாலும்தான். அது கேக்கின் உருவத்தில் இருக்கும் கஸ்டர்ட். உப்பி எழ வேண்டிய கேக்கின் விதி வேறு. அங்கே ஈரப்பதம் என்பதையும் நீர் கோத்திருப்பது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாவுச்சத்து, பெக்டின், சர்க்கரை ஆகியவை பிடித்து வைத்திருக்கும் நீர் வாயில் மென்மையாகத் தெரியும். எதனாலும் பிடிக்கப்படாமல் தேங்கும் நீர் களியாகத் தெரியும். பிடிபட்ட நீரின் பயன் பெரிது. மூடி வைத்து, நீர் ஆவியாகாமல் காத்தாலும் ரொட்டி பழசாகிக் கெட்டிப்படும் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் ழான் பத்தீஸ்த் பூசங்கோ 1852இல் காட்டினார். கூழான மாவுச்சத்து ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதே அதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. ஆப்பிள் கேக்கில் சர்க்கரையும் கொழுப்பும் இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. பழத் துண்டுகளில் மிஞ்சிய ஈரமும் சுற்றியுள்ள பகுதிக்கு மெதுவாகப் பரவுகிறது. மறுநாள் ஆப்பிள் கேக் இன்னும் சுவையாக இருப்பதாகப் பலர் சொல்வதற்கு இதில் அடிப்படை உண்டு. எனவே நீரை விரட்டுவது நோக்கமல்ல; அது சரியான நேரத்தில், சரியான இடத்தில் பிடிபடச் செய்வதே நோக்கம்.

அடுத்தது எந்த ஆப்பிள் என்ற கேள்வி. இங்கிலாந்தில் 1809இல் நட்ட விதையிலிருந்து வந்த பிராம்லி வகை, புளிப்பு மிகுந்தது. சூடுபட்டதும் பஞ்சுபோலக் குழைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய பச்சை நிற கிரானி ஸ்மித்தும் புளிப்பானதுதான். ஆனால் அது வடிவம் மாறாமல் வேகும். ஆகவே புளிப்பை மட்டும் வைத்துப் பழத்தின் போக்கைக் கணிக்க முடியாது. செல் சுவரின் அமைப்பும் பெக்டினின் தன்மையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கு ஹிமாச்சலப் பிரதேசத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வருபவற்றில் ரெட் டெலிஷியஸ் குடும்பத்துச் சிவப்பு ஆப்பிள்களே அதிகம். இனிப்பு மிகுந்து புளிப்புக் குறைந்த இவை, பச்சையாக உண்பதற்கென்றே பெயர்பெற்றவை. நெடுநாள் இருப்பில் கிடந்தால் இவை மாவுபோல ஆகிவிடும். அப்படி ஆன பழத்தில் நீர் குறைந்துவிட்டது என்று எண்ணி, கேக்கிற்கு அதுவே நல்லது என்று சிலர் கருதுவதுண்டு. அது பிழை. செல்களைப் பிணைக்கும் பெக்டின் தளர்ந்துவிட்டதால், கடிக்கும்போது செல்கள் உடைந்து சாற்றை விடாமல் முழுதாகப் பிரிந்து போகின்றன; அதனால்தான் நாக்குக்கு வறட்சியாகத் தெரிகிறது. நீர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. ஓவனின் சூட்டில் சவ்வுகள் சிதைந்ததும் அது வெளியே வரும். பிணைப்பு ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் பழமும் சீக்கிரம் குழையும். கேக்கிற்கு உகந்தது கெட்டியான, புதிய, சற்றுப் புளிப்பான பழமே. சிவப்பு ஆப்பிள்தான் கிடைக்கிறது என்றால் புளிப்புக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். நறுக்கிய பழம் பழுப்பாவதையும் அது தடுக்கும்.

அப்படியானால் பழத்தை முன்பே நன்றாக வேகவைத்து வற்றவைத்துவிட்டால் போதுமே என்று கேட்கலாம். அது ஒரு தீர்வுதான். ஷார்லோட்கா அதற்குச் சாட்சி. ஆனால் கொதிக்கவைத்துக் குழைத்தால் பழத்தின் மணம் தரும் பொருள்களில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். துண்டாகக் கடிபட வேண்டிய பழம் கூழாகிவிடும். இதைவிட மேலான வழி ஒன்றைப் பழத்தின் சொந்த வேதியியலே தருகிறது. ஆப்பிளில் பெக்டினை மாற்றியமைக்கும் ஒரு நொதி இருக்கிறது. 55 முதல் 70 டிகிரி வரையிலான மிதமான சூட்டில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அப்போது பழத்திலேயே உள்ள கால்சியம் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. இப்படி இறுகிய பெக்டின் பிறகு அதிகச் சூட்டிலும் எளிதில் கரையாது. ஆகவே ஆப்பிள் துண்டுகளைப் பட்டியலில் உள்ள சர்க்கரையிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்துப் பிரட்டி, கொதிக்கவிடாமல் சிறு தீயில் பத்து நிமிடம் மூடி வைத்தால் இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. துண்டுகள் வடிவம் குலையாத உறுதியைப் பெறுகின்றன. ஓவனுக்குள் விட வேண்டிய நீரில் ஒரு பகுதியைப் பாத்திரத்திலேயே விட்டுவிடுகின்றன. அந்தச் சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. தனியே சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி ஆறவைத்துக் கலவையில் சேர்த்தால் நீர் போய், இனிப்பும் புளிப்பும் மட்டும் கேக்கிற்குத் திரும்பி வரும். துண்டின் அளவும் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் கனசதுரத்தில் கன அளவுக்கு எதிரான மேற்பரப்பு பாதிதான். நீர் கசியும் வழியும் அதற்கேற்பக் குறையும், துண்டின் நடுப்பகுதி சூடாகவும் தாமதமாகும். துருவிப் போட்டாலோ செல்கள் முன்கூட்டியே உடைந்து, கலக்கும்போதே நீர் வந்துவிடும். அப்படிச் செய்பவர்கள் துருவலைப் பிழிந்து, பாலை முற்றிலும் நீக்கிவிட வேண்டும்.

கேக் அமுங்கினால் பேக்கிங் பவுடரைக் கூட்டு, உள்ளே ஈரமாக இருந்தால் சூட்டைக் கூட்டு என்பது பரவலான அறிவுரை. இரண்டுமே நோயை விட்டுவிட்டு அறிகுறியைத் துரத்துபவை. வாயு கூடுதலாக உண்டாகலாம். அதைப் பிடித்து வைக்க வேண்டிய சுவர்கள் நீர்த்துப்போயிருந்தால் கேக் வேகமாக எழுந்து வேகமாக அமுங்கும். ஆப்பிளின் அமிலம் சமையல் சோடாவுடன் வினைபுரிந்து வாயு தரும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய துண்டுகளில் அந்த அமிலம் சவ்வுகளுக்குள் அடைபட்டிருப்பதால் தொடக்கத்தில் உதவாது. தயிர் போன்ற வேறு புளிப்பு இல்லாமல் சோடாவை மட்டும் கூட்டினால் எஞ்சும் காரத்தன்மை சோப்புச் சுவையைத் தரும். சூட்டைக் கூட்டுவதும் அப்படித்தான். கலவை வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் என்பதால் வெளிப்புறம் முந்திக் கருக, உட்புறம் பின்தங்கும். வெண்ணெய்க்குப் பதிலாக ஆப்பிள் கூழைச் சேர்த்தால் உடலுக்கு நல்லது என்ற யோசனையையும் இந்தக் கணக்கில் வைத்தே எடைபோட வேண்டும். கொழுப்பு மாவுத் துகள்களைப் போர்த்தி, குளூட்டன் வலை இறுகாமல் தடுக்கிறது. கூழ் அதைச் செய்வதில்லை. மாறாக அது நீரைக் கொண்டுவந்து குளூட்டன் உருவாக உதவி செய்கிறது. கொழுப்பில் பாதியை மாற்றினால் சமாளிக்கலாம். முழுவதையும் மாற்றினால் ரப்பர்போன்ற கேக்கே கிடைக்கும்.

தமிழ் வீடுகளில் பலர் ஓவன் இல்லாமல் பிரஷர் குக்கரில் கேக் செய்கிறார்கள். அடியில் உப்பையோ மணலையோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் செய்யும் இந்த முறை சாதாரண கேக்கிற்கு நன்றாகவே பயன்படுகிறது. ஆப்பிள் கேக்கிற்கு மட்டும் அதில் கூடுதல் கவனம் தேவை. ஓவனில் ஈரக் காற்று வெளியேற ஓரளவு வழி இருக்கிறது. மேல் கம்பியின் கதிர்வீச்சும் மேற்பரப்பைக் காயவைக்கிறது. குக்கரில் ஆவி வெளியேறும் வழி குறுகியது. மூடியின் உட்புறத்தில் திரளும் நீர் துளித்துளியாகக் கேக்கின் மேலேயே விழவும் கூடும். பழம் விட்ட நீர் சுற்றி வந்து கேக்கையே சேர்கிறது. ஆகவே குக்கரில் செய்பவர்கள் ஆப்பிளைப் பாதியாகக் குறைத்து, கட்டாயம் முன்கூட்டியே சிறு தீயில் வைத்துச் சாற்றை வடித்த பிறகே சேர்க்க வேண்டும். எந்த முறையானாலும் வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்க்கும்போது அது பழத்தில் பட்டால் ஈரமாகவே வரும். துண்டுகளுக்கு இடைப்பட்ட இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்ப்பதே நம்பத்தக்கது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 98 டிகிரியைத் தொட்டதும் இறக்கிவிடலாம்.

இத்தனை கணக்கும் பார்த்துத்தான் சமைக்க வேண்டுமா, கைப்பழக்கத்தால் அருமையாகச் செய்பவர்கள் இல்லையா என்பது கடைசி மறுப்பு. அவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் இதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். கலவை கரண்டியிலிருந்து விழும் விதத்தைப் பார்த்துப் பாலைக் குறைப்பவர் நீரைத்தான் அளக்கிறார். பழத்தைக் கடித்துப் பார்த்து நறுக்கும் அளவைத் தீர்மானிப்பவரும் அப்படியே. அந்தப் பழக்கம் ஒரே ஓவன், ஒரே சந்தை, ஒரே வகைப் பழம் என்ற நிலையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. வேறு நாட்டில், வேறு ஆப்பிளுக்காக எழுதப்பட்ட குறிப்பை நம் ஊர்ப் பழத்தையும் நம் வீட்டு அடுப்பையும் கொண்டு செய்பவருக்கு அந்தப் பழக்கம் கைகொடுக்காது. அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். காரணம் தெரிந்தால் எந்தக் குறிப்பையும் தன் சமையலறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எனவே அடுத்த முறை ஆப்பிள் கேக் செய்யும்போது மாவையும் சர்க்கரையையும் நிறுப்பதுபோல நறுக்கிய ஆப்பிளையும் நிறுத்துப் பாருங்கள். அதன் எடையில் 85 விழுக்காட்டைத் தண்ணீர் என்று பொருள் பட்டியலின் கீழே எழுதுங்கள். அதற்கு இடம் எங்கே என்று தீர்மானித்த பிறகு பாலை ஊற்றுங்கள்.